நடை தளர்ந்தால் நம்பிக்கையும் தளர வேண்டுமா?

பணி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் நம்மோடு நெருங்கிப் பழகியவர். ஞாயிறுதோறும் கோவிலின் முன்வரிசையில் நிற்பவர், ஒரு கட்டத்தில் கடைசி வரிசைக்குச் சென்றார். சில மாதங்களில் கோவிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். இல்லத்திற்குச் சென்று விசாரித்தோம். "அப்பாவுக்கு வயதாகிவிட்டது சாமி, கொஞ்சம் சோம்பலும் வந்துவிட்டது" என்றார் மகன். அவர் உள்ளே செல்லும்வரை காத்திருந்த ஆசிரியர், தாழ்ந்த குரலில் தம் துயரைச் சொன்னார்.

"சாமி, உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒரு நோயும் இல்லை. ஐந்து நிமிடம் நின்றால் இரண்டு கால்களும் ஈயக்குண்டு கட்டியதுபோல் கனக்கின்றன. தொடையிலிருந்து பாதம்வரை மரத்துப் போகிறது. நற்செய்தி வாசிக்கும்போது எல்லாரும் நிற்க, நான் மட்டும் எப்படி உட்காருவது? அதனால்தான் வரவில்லை."

"கடைத்தெரு வரையில் நடந்து போகிறீர்களா ஐயா?" என்று கேட்டோம்.

"போகிறேன். பத்து வீடு தாண்டியதும் யார் வீட்டுத் திண்ணையிலாவது அமர வேண்டும். இரண்டு நிமிடம் அமர்ந்தால் வலி இருந்த இடம் தெரியாது. மறுபடியும் நடப்பேன்; மறுபடியும் அமர்வேன். பார்ப்பவர்கள் நடிப்பு என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேரனுடைய சைக்கிளை எடுத்தால் மூன்று மைல் போய் வருகிறேனே! அப்போது ஒரு வலியும் இல்லை."

நடக்க இயலாத ஒருவர் மிதிவண்டியை எளிதாக ஓட்டுகிறார் என்றால், கேட்பவர்களுக்கு ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நோயின் அடையாளமே அந்தப் புதிரில்தான் இருந்தது. மருத்துவர்கள் 'ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்' என்று கூறும் முதுகெலும்புத் தடக்குறுக்கம் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. நம் குடும்பங்களில் முதியோர் பலர் இந்நோயை நோயென்றே அறியாமல் முதுமையின் மேல் பழிபோட்டு, வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கிவிடுகின்றனர். ஆகவே இந்நோயைப் பற்றியும், அதற்குப் பயிற்சி மருத்துவம் எந்த அளவுக்குத் துணை செய்யும் என்பதைப் பற்றியும் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

நோயின் இயல்பு

நம் முதுகெலும்பு ஒரே எலும்பன்று. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட முள்ளெலும்புகளின் கோவை. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரு துளை உண்டு. இத்துளைகள் வரிசையாக அமைந்து ஒரு குழாய்போல் ஆகின்றன. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இக்குழாயின் வழியே வந்து, இடுப்புப் பகுதியின் மேற்புறத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் செல்லும் நரம்புகள் கொத்தாகத் தொங்குகின்றன. பார்வைக்குக் குதிரையின் வாலைப்போல் இருப்பதால் குதிரைவால் நரம்புகள் என்றே உடற்கூற்று நூலோர் அவற்றிற்குப் பெயரிட்டனர்.

இளமையில் இந்நரம்புகளுக்கு வேண்டிய இடம் தாராளமாக உண்டு. வயது ஏற ஏற மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் என்னும் இடைத்தட்டு, நீர்ப்பதம் குறைந்து, தட்டையாகிப் பின்புறம் பிதுங்குகிறது. பின்னே உள்ள சிறு மூட்டுகள் தேய்ந்து, அந்தத் தேய்மானத்தை ஈடுசெய்ய முயன்று பருத்து வளர்கின்றன. குழாயின் பின்சுவரை ஒட்டியுள்ள மஞ்சள் நிறத் தசைநார் தடித்து உட்புறமாக மடிகிறது. முன்னே ஒன்றும், பக்கத்தில் ஒன்றும், பின்னே ஒன்றுமாக மூன்றும் சேர்ந்து வழியை நெருக்குகின்றன. நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இது மிகுதியாகக் காணப்படும். சிலருக்குப் பிறவியிலேயே இக்குழாய் சற்று ஒடுக்கமாக அமைந்திருப்பதும் உண்டு. அத்தகையோருக்குச் சிறிய தேய்மானமும் பெரிய தொல்லையாகிவிடும்.

இந்நோயை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்துகொள்ள வழிசெய்தவர் ஆலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த நரம்பு அறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் ஆவார். 1954-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையே இத்துறையில் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. குழாயின் முன்பின் அகலம் 10 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆனால் முழுக்குறுக்கம் என்றும், 10-க்கும் 12-க்கும் இடைப்பட்டதாயின் ஓரளவு குறுக்கம் என்றும் அவர் வகுத்த கணக்கு இன்றும் வழங்குகிறது.

உட்கார்ந்தால் ஏன் வலி மறைகிறது?

ஆசிரியரின் மிதிவண்டிப் புதிருக்கு இங்கேதான் விடை கிடைக்கிறது. முதுகெலும்புக் குழாய் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. நாம் நிமிர்ந்து நின்றாலோ பின்னோக்கி வளைந்தாலோ, இடைத்தட்டு மேலும் பிதுங்கி, மஞ்சள் தசைநார் மேலும் மடிந்து, குழாய் ஒடுங்குகிறது. முன்னோக்கிக் குனிந்தாலோ அமர்ந்தாலோ தசைநார் நீண்டு, குழாய் விரிகிறது. மூச்சுத் திணறிய நரம்புகள் இளைப்பாறுகின்றன.

நடக்கும்போது உழைக்கும் நரம்புகளுக்கு மிகுதியான இரத்தம் தேவை. நெருக்குண்ட இடத்தில் அது போதிய அளவு கிடைப்பதில்லை. அதனால்தான் வலியும் மரப்பும் கனமும் உண்டாகின்றன. மிதிவண்டியில் அமர்ந்து கைப்பிடியைப் பற்றி முன்னே சாய்ந்திருப்பவருக்குக் குழாய் விரிந்திருப்பதால் தொல்லை இல்லை. மேட்டில் ஏறும்போது உடல் முன்னே சாய்வதால் எளிதாக இருப்பதும், பள்ளத்தில் இறங்கும்போது உடல் பின்னே சாய்வதால் வலி கூடுவதும் இதே காரணத்தால்தான். மேலைநாட்டு மருத்துவர்கள், "கடையில் தள்ளுவண்டியின்மேல் சாய்ந்துகொண்டு நடந்தால் சுகமாக இருக்கிறதா?" என்று நோயாளியிடம் கேட்பது வழக்கம்.

இங்கு ஒரு வேறுபாட்டை அறிவது அவசியம். கால்களின் இரத்தக் குழாய்கள் அடைபட்டாலும் நடக்கும்போது கெண்டைக்காலில் வலி உண்டாகும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இது மிகுதி. ஆனால் அத்தகையவர் நடையை நிறுத்திச் சும்மா நின்றாலே வலி தணிந்துவிடும். அமரவோ குனியவோ வேண்டியதில்லை. மிதிவண்டி ஓட்டினாலும் அவருக்குக் கால் வலிக்கும். தடக்குறுக்கம் உள்ளவருக்கோ நின்றால் வலி தீராது. இரண்டிற்கும் மருத்துவம் வேறு. இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு. ஆகவே பாதத்தின் நாடித்துடிப்பை மருத்துவர் தொட்டுப் பார்ப்பது சிறிய சோதனையாயினும் பெரிய பயன் தருவதாகும்.

படம் சொல்வதும் உடல் சொல்வதும்

எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சாமி, நரம்பு முழுவதும் நசுங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள், அப்பா இனி படுத்த படுக்கைதானா?" என்று நடுங்கும் குரலில் கேட்டார் அந்த மகன். முன்பு சோம்பல் என்று சொன்ன அதே மகன்தான். அலட்சியத்திலிருந்து அச்சத்திற்குத் தாவ அவருக்கு ஒரே நாள் போதுமானதாக இருந்தது.

அச்சம் தேவையில்லை என்பதற்கு ஆய்வுகள் சான்று பகர்கின்றன. ஜப்பான் நாட்டின் வாக்கயாமா பகுதியில் பொதுமக்கள் 938 பேருக்கு முதுகெலும்புப் படம் எடுத்துப் பார்த்த முடிவுகள் 2013-ஆம் ஆண்டில் வெளியாயின. நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்குக் கடுமையான குறுக்கம் இருந்தது. ஆனால் அவ்வாறு கடுமையான குறுக்கம் இருந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே நோயின் துன்பம் இருந்தது. ஏனையோர் தம் முதுகில் இப்படி ஒரு குறுக்கம் இருப்பதையே அறியாமல் நடமாடிக்கொண்டிருந்தனர்.

ஆகவே படத்தில் தெரியும் குறுக்கம் வேறு. மனிதர் படும் பாடு வேறு. படம் தேவையற்றது என்று நாம் கூறவில்லை. மருத்துவம் செய்யப்பட வேண்டியது மனிதருக்கே அன்றிப் படத்திற்கு அன்று என்பதே நாம் சொல்ல வருவது.

நோய் நாளுக்கு நாள் முற்றிக்கொண்டே போகுமா என்பது அடுத்த கேள்வி. சுவீடன் நாட்டு மருத்துவர்கள் அறுவை செய்துகொள்ளாத 32 நோயாளிகளைச் சராசரியாக 49 மாதங்கள் கவனித்து, 1992-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 70 பேர் இருந்த நிலையிலேயே இருந்தனர்; 15 பேர் தேறியிருந்தனர்; 15 பேருக்கே நோய் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான். எனினும், உடனே கத்தி வைக்காவிடில் கால் செயலற்றுவிடும் என்ற பொதுவான அச்சத்தை அது பெரிதும் தணிக்கிறது. பெரும்பாலோர்க்கு ஆற அமர முடிவெடுக்க நேரம் உண்டு.

பயிற்சியா, அறுவையா?

பிசியோதெரபி என்று பலரும் அழைக்கும் இயன்முறை மருத்துவம் எலும்பின் தேய்மானத்தை நீக்குவதில்லை. குறுகிய குழாயை நிலையாக அகலப்படுத்துவதும் இல்லை. இதை முதலிலேயே ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். பின் அது என்னதான் செய்கிறது? குழாய் விரிந்திருக்கும் நிலையில் நிற்கவும் நடக்கவும் உடலைப் பழக்குகிறது. இறுகிப்போன இடுப்புத் தசைகளைத் தளர்த்துகிறது. தளர்ந்துபோன வயிறு, பிட்டம், தொடை ஆகியவற்றின் தசைகளை வலுப்படுத்துகிறது. நடக்காமலே இருந்து இழந்துவிட்ட ஆற்றலைச் சிறிது சிறிதாக மீட்டுத் தருகிறது.

இதன் பயனை அளந்து பார்த்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தோனி டெலிட்டோ குழுவினர் நடத்தி, 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். அதில் பங்கேற்ற 169 பேரும் அறுவை செய்யத்தக்கவர் என்று மருத்துவர்களால் முடிவு செய்யப்பட்டு, அறுவைக்கு ஒப்புதலும் அளித்தவர்கள். அவர்களுள் 87 பேர் அறுவைக்கும், 82 பேர் பயிற்சி மருத்துவத்திற்கும் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரிக்கப்பட்டனர். பயிற்சிக்காரர்களுக்கு வாரம் இருமுறை வீதம் ஆறு வாரங்கள், முன்குனியும் பயிற்சிகளும் பொதுவான உடற்பயிற்சியும் நோயைப் பற்றிய விளக்கமும் அளிக்கப்பட்டன. ஈராண்டுகளுக்குப்பின் இரு பிரிவினரின் நடமாடும் திறனையும் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையைச் சொன்னவர்கள் ஆவோம். பயிற்சிப் பிரிவில் இருந்த 82 பேருள் 47 பேர், அதாவது நூற்றுக்கு 57 பேர், அந்த ஈராண்டுகளுக்குள் அறுவை செய்துகொண்டனர். பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை. அமெரிக்காவிலேயே 13 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து நடத்தி 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட வேறோர் ஆய்வில், உண்மையாகவே அறுவை செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளாதவர்களைக் காட்டிலும் மிகுதியாகத் தேறியதாகத் தெரிந்தது.

இவற்றை நடுநிலையோடு சீர்தூக்கினால் நமக்குக் கிடைக்கும் தெளிவு இதுவே: அபாய அறிகுறிகள் இல்லாதவர் முதலில் பயிற்சியை முறையாகச் செய்து பார்ப்பதால் இழப்பது ஒன்றும் இல்லை. அறுவையே வேண்டாமல் போகும் நற்பேறு ஒரு சாராருக்குக் கிட்டும். மற்றவர்களுக்கு அறுவைக் கதவு திறந்தே இருக்கும். பயிற்சியால் தேறாமல் அறுவைக்குச் செல்பவர் தோற்றவர் அல்லர். வலுப்பெற்ற தசைகளோடு அறுவைக்குச் செல்வதும் ஒரு நன்மையே.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பற்றிச் சிலர் கேட்பர். 2014-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில் 400 நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டும், மற்றப் பிரிவினருக்கு மரப்பு மருந்து மட்டுமே செலுத்தப்பட்டன. ஆறு வாரங்களுக்குப்பின் ஸ்டீராய்டு சேர்த்ததால் கிடைத்த கூடுதல் பயன் மிகச் சிறிது, அல்லது ஒன்றுமில்லை என்றே முடிவாயிற்று. வலி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் மாதக் கணக்கில் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

செய்யத்தக்க பயிற்சிகள்

முன்குனியும் பயிற்சிகளை முறைப்படுத்தி 1937-ஆம் ஆண்டில் எழுதியவர் அமெரிக்காவின் டல்லஸ் நகரத்து எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ். அவர் வழியில் வந்த எளிய பயிற்சிகள் சிலவற்றைக் கீழே தருகிறோம். மருத்துவர் நோயை உறுதிசெய்து, பயிற்சியாளர் ஒருவர் முதலில் நேரில் கற்றுக்கொடுத்த பின்னரே இவற்றை வீட்டில் தொடர வேண்டும்.

முதலாவது: கட்டிலிலோ பாயிலோ மல்லாந்து படுத்து, இரு முழங்கால்களையும் மடக்கிப் பாதங்களை ஊன்றிக்கொள்ள வேண்டும். ஒரு முழங்காலை இரு கைகளாலும் பற்றி மெதுவாக மார்பை நோக்கி இழுத்து, இருபது எண்ணும்வரை வைத்திருந்து விட வேண்டும். கால் மாற்றி மும்முறை செய்யலாம். பழகியபின் இரு முழங்கால்களையும் ஒருசேர இழுக்கலாம்.

இரண்டாவது: அதே நிலையில் வயிற்றை உள்ளிழுத்து, இடுப்பின் பின்புறம் தரையில் படியும்படி அழுத்தி, ஐந்து எண்ணி விட வேண்டும். பத்து முறை செய்யலாம். மூச்சை அடக்கக் கூடாது. பார்வைக்கு இது அற்பமாகத் தோன்றும். ஆயினும் எல்லாப் பயிற்சிகளுக்கும் இதுவே வேர். நிற்கும்போதும் நடக்கும்போதும் இடுப்பை இவ்வாறே சற்று உள்வாங்கி வைக்கக் கற்றுக்கொண்டவர்க்கு, நிற்கும் நேரம் தானாகவே நீளும்.

மூன்றாவது: உறுதியான நாற்காலியில் கால்களை அகற்றி அமர்ந்து, கைகளைத் தொங்கவிட்டு, மெதுவாக முன்குனிந்து, சற்று இருந்து நிமிர வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கவும்.

நான்காவது: நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து, மீண்டும் மெதுவாக அமர வேண்டும். ஐந்து முறையில் தொடங்கிப் பத்தாக்கலாம். தொடைக்கு இதைவிட நல்ல பயிற்சி வீட்டில் இல்லை. தடுமாறுபவர் அருகில் ஒருவர் நிற்க வேண்டும்.

ஐந்தாவது: நின்ற இடத்திலேயே மிதிக்கும் மிதிவண்டி. மூச்சுக்கும் இதயத்துக்கும் கால்களுக்கும் பயிற்சி தந்து, முதுகை வருத்தாத வழி இது.

ஆறாவதும் முதன்மையானதும் நடை. ஆசிரியர் செய்த தவறு ஒன்று உண்டு. வலியைப் பொறுத்துக்கொண்டு இயன்றமட்டும் நடந்து, தாள முடியாதபோது அமர்வார். மறுநாள் நடக்கவே அஞ்சுவார். சரியான முறை வேறு. வலி மிகுமுன்னரே நின்று, அமர்ந்து, முன்குனிந்து, வலி தணிந்தபின் எழுந்து நடக்க வேண்டும். அமர்ந்த நேரத்தை விட்டுவிட்டு, நடந்த நேரத்தை மட்டும் கூட்டி ஒரு தாளில் குறித்துவர வேண்டும். முதல் வாரம் மூன்று நிமிடம் வீதம் மூன்று முறை நடந்தவர், மறுவாரம் நான்கு நிமிடமாக்கலாம். கனடாவின் டொராண்டோ நகரில் 104 நோயாளிகளிடம் நடத்தி 2018-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஆறு வாரம் பயிற்சியாளரோடு பழகியவர்களுள் நூற்றுக்கு 82 பேரின் நடைத்தூரம் ஆறாம் மாதத்தில் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. வழிமுறைகளைக் கற்று வீட்டில் தாமே செய்தவர்களிலும் நூற்றுக்கு 63 பேர் அவ்வாறே தேறினர். பயிற்சி நிலையத்திற்கு அடிக்கடி செல்ல வசதியற்ற குடும்பங்களுக்கு இது ஆறுதலான செய்தியன்றோ?

எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், சிறப்பாக முதிய தாய்மார்கள், வேகமாகவோ சுமையோடோ முன்குனிதல் ஆகாது. முள்ளெலும்பு நொறுங்க இடமுண்டு. படுத்த நிலையிலிருந்து தலையைத் தூக்கி எழும் பயிற்சியும் அவர்களுக்கு ஏற்றதன்று. மருத்துவரைக் கலந்துகொண்டே அவர்கள் தொடங்க வேண்டும்.

அன்றாட வாழ்வில்

அடுப்படியில் நெடுநேரம் நிற்கும் தாய்மார்கள், ஒரு சிறு மணையின்மேல் கால்களை மாற்றி மாற்றி வைத்து நின்றால் இடுப்பின் வளைவு குறைந்து வலி தணியும். காய் நறுக்குவதையும் துணி மடிப்பதையும் அமர்ந்தே செய்யலாம். மேல் பரணில் உள்ள பொருளை எட்டி எடுப்பதும், அண்ணாந்து ஒட்டடை அடிப்பதும் முதுகைப் பின்னே வளைக்கும். அவ்வேலைகளை இளையோரிடம் விட்டுவிடுவது நல்லது. உறங்கும்போது ஒருக்களித்து முழங்கால்களை மடக்கிப் படுக்கலாம். மல்லாந்து படுப்பவர் முழங்கால்களின் கீழ் தலையணை வைத்துக்கொள்ளலாம். உடல் எடை மிகுந்தவர் சிறிது குறைத்தாலும் முதுகின் சுமை குறையும்.

கைத்தடியோ, சக்கரம் பொருத்திய நடைச்சட்டமோ பிடிக்க வெட்கப்பட வேண்டியதில்லை. அதன்மேல் சற்றே சாய்ந்து நடப்பவர் கூடுதல் தூரம் நடப்பார். கூன் விழுந்துவிடும் என்று சொல்லி, "நிமிர்ந்து நடங்கள்" என்று பிள்ளைகள் கண்டிப்பதைக் கேட்டிருக்கிறோம். அன்பினால் சொல்வதுதான். ஆனால் இந்நோயாளிக்கு அச்சொல் நன்மை செய்யாது.

தாமதிக்கக் கூடாதவை

சில அறிகுறிகள் தோன்றினால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் வராமல் அடைபடுதல் அல்லது தன்னையறியாமல் கழிதல். மலம் அடக்க முடியாமை. தொடைகளின் உட்புறத்திலும் ஆசனவாயைச் சுற்றிலும் உணர்வு மரத்துப்போதல். கால்கள் விரைந்து வலுவிழத்தல் ஆகியவை குதிரைவால் நரம்புகள் கடுமையாக நசுங்குவதன் அடையாளம். தாமதித்தால் இழந்ததை மீட்க இயலாமல் போகலாம். இவற்றைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கும் முதியோர் உண்டு. வீட்டார்தான் பக்குவமாகக் கேட்டறிய வேண்டும்.

நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தூக்க வராமல் தரையில் இழுபடுவதும், காய்ச்சல், எடைக்குறைவு, இரவிலும் ஓயாத முதுகுவலி ஆகியவையும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறி, நடையும் தள்ளாடினால் குறுக்கம் கழுத்தில் இருக்கலாம். அங்கு நசுங்குவது தண்டுவடமே. அதற்கு இக்கட்டுரையில் சொன்ன பயிற்சிகள் பொருந்தா.

இவை எதுவும் இல்லாமல், இரண்டு மூன்று மாதங்கள் முறையாகப் பயின்றும் அன்றாட வாழ்வு நடவாத அளவுக்குத் துன்பம் தொடர்ந்தால், அறுவையைப் பற்றி மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசலாம். நரம்பை நெருக்கும் எலும்பின் பின்தகட்டையும் தடித்த தசைநாரையும் அகற்றி வழியை விரிப்பதே அந்த அறுவை. நோயாளியின் வயது, இதயம், நீரிழிவு, அவர் எதைச் செய்ய விரும்புகிறார் என்பன எல்லாம் சேர்ந்தே முடிவு அமைய வேண்டும். முடிவெடுப்பவர் நோயாளியாக இருக்க வேண்டுமேயன்றி, அவரைச் சுற்றி நிற்கும் உறவினர் ஆகக் கூடாது.

குடும்பத்தாரின் பங்கு

ஆசிரியரின் கதைக்கு மீண்டும் வருவோம். நோய் இன்னதென்று மருத்துவர் விளக்கிய நாளில் மகன் தந்தையின் அருகே அமர்ந்து, "மன்னித்துவிடுங்கள் அப்பா, நான் சோம்பல் என்று நினைத்துவிட்டேன்" என்றார். கண்டிப்புக்குப் பெயர் பெற்ற அந்தத் தலைமை ஆசிரியர் மகனின் கையைப் பற்றிக்கொண்டாரே தவிர, ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் பேரன் அவருடைய பயிற்சி ஆசிரியன் ஆனான். பள்ளி நோட்டில் கோடு போட்டு, தாத்தா நடந்த நிமிடங்களை நாள்தோறும் குறித்தான்.

ஆறு வாரங்கள் சென்றன. அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கால் மரப்பு இன்னும் இருக்கிறது. சில நாள்களில் வலி கூடுவதும் உண்டு. ஆயினும் பத்து வீட்டுக்கு ஒருமுறை அமர்ந்தவர், இப்போது வீட்டிலிருந்து கோவில்வரை வழியில் ஒரே ஒருமுறை அமர்ந்து வந்து சேர்கிறார். நோட்டின் முதல் பக்கத்தில் ஒன்பது நிமிடம் என்று இருந்த இடத்தில், கடைசிப் பக்கத்தில் இருபத்தாறு என்று எழுதியிருப்பதைப் பேரன் பெருமையோடு நமக்குக் காட்டினான்.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்தோம். நிற்க இயலாதவர்கள் நற்செய்தி வாசகத்தின்போது அமர்ந்தே இருக்கலாம். அது அவமரியாதை ஆகாது என்று பீடத்திலிருந்து அறிவித்தோம். முன்பே சொல்லியிருக்க வேண்டியது. அடுத்த ஞாயிறு, நெடுநாளாக வராதிருந்த இரு பாட்டிமார்களும் வந்து அமர்ந்திருந்ததைக் கண்டபோது, எத்தனை பேர் சொல்லாமலே ஒதுங்கியிருந்தனர் என்பது நமக்கு உறைத்தது.

அன்பு வாசகர்களே! உங்கள் இல்லத்துப் பெரியவர் நடையைக் குறைத்துவிட்டாரா? வயதின் மேல் பழிபோடுமுன் அவரருகே அமர்ந்து இரண்டே கேள்விகள் கேளுங்கள். நின்றால் கால் வலிக்கிறதா? உட்கார்ந்தால் தீர்ந்துவிடுகிறதா? ஆம் என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பின்னர் நாள்தோறும் கால்மணி நேரம் அவரோடு கூட நடங்கள். வழியில் அவர் அமர விரும்பினால் நீங்களும் அமருங்கள்.